சேர்ந்து பாடும்போது என் குரல் எங்கே போகிறது?

கேட்டவரின் கேள்வி சுருக்கமாக இது. பன்னிரண்டு வருஷம் கர்நாடக சங்கீதம் கற்றவர். இப்போது ஒரு கொயரில், அதாவது பல குரல் வரிசைகள் சேர்ந்து பாடும் குழுவில், ஆல்ட்டோ (பெண்களின் கீழ்க்குரல்) பாடுகிறார். ‘உங்க குரல் தனியாத் தெரியுது, கொஞ்சம் அடக்குங்க’ என்று மாஸ்டர் ஒத்திகைக்கு ஒத்திகை சொல்கிறார். அடக்கினால் பாடுவது மாதிரியே இல்லை. கொயரில் சேர்வது என்றாலே சொந்தக் குரலைத் தொலைப்பதுதானா, இக்காலக் கொயர் இசையில் தனிக்குரலுக்கு இடம் உண்டா என்று கேட்கிறார்.

உங்கள் மாஸ்டர் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் குரல் தனியாகத் தெரியலாம். அதற்கு அடக்குவதுதான் வழி என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக பாஸ் (ஆண்களின் அடிக்குரல்) பாடுகிறேன், கடைசிப் பத்து வருஷமாக ஒரு சிறு குழுவை நடத்துகிறேன். குரலை அடக்கிக்கொண்டு நின்றவர்களால் நல்ல கொயர் உருவானதை நான் பார்த்ததில்லை. அடக்கியவர்கள் முதலில் சுருதி இறங்குவார்கள், பிறகு மூச்சு இறங்கும், ஆறு மாதத்தில் ஆளே வரமாட்டார்.

முதலில் ஒலியைப் பற்றிப் பேசிவிடுவோம். முப்பது பேர் பாடும் ஒலி என்பது ஒருவர் பாடுவதன் முப்பது மடங்கு அல்ல. ஒருவருடைய ஒரே பதிவைக் கணினியில் முப்பது தடவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். சத்தம் கூடும், ஆள் ஒருவராகவே இருப்பார். அதே ஆளை முப்பது தடவை புதிதாகப் பாடவைத்து அடுக்கினால் கூட்டம் மாதிரி கொஞ்சம் கேட்க ஆரம்பிக்கும், ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் சுருதியில் ஒரு மயிரிழை, நேரத்தில் ஒரு கணம், அசைவில் ஒரு துளி மாறியிருக்கும். முப்பது தனித்தனி மனிதர்கள் பாடும்போதுதான் அந்த ஒலி முழுதாக விரியும். கொயர் என்று நம் காது அடையாளம் காண்பதே அந்தச் சின்னச் சின்ன வேறுபாடுகளைத்தான். வேறுபாடு அளவு மீறினால் கலங்கல், முற்றிலும் இல்லாமல் போனால் கொயரே இல்லை. ஆக உங்கள் குரல் உங்கள் குரலாகவே இருப்பது அந்த ஒலிக்குத் தேவைப்படுகிற ஒன்று.

கொயர் பாடகர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை ஸ்டாக்ஹோமில் யோஹான் சுண்ட்பெரியும் ஸ்டென் டெர்ன்ஸ்ட்ரோமும் 1980களிலிருந்து அளந்து பார்த்திருக்கிறார்கள். மேற்கத்திய முறையில் பயின்ற ஆண் தனிப்பாடகர்களின் குரலில் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலியாற்றல் குவியும். மைக் இல்லாமல் ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்வது அதனால்தான். இரண்டும் பாடப் பழகிய பாடகர்களைத் தனியாகவும் கொயர் பாணியிலும் பாடவைத்தபோது, கொயரில் அந்தக் குவியல் குறைந்து, பாடும் ஸ்வரத்தின் அடிப்படை அதிர்வு பலமாகியிருந்தது. ஆள் மாறவில்லை, தொண்டை மாறவில்லை. இடத்துக்கு ஏற்றபடி குரலைக் கையாளும் விதம்தான் மாறியது. வீட்டில் பேசுவதற்கும் மேடையில் பேசுவதற்கும் குரலை மாற்றிக்கொள்கிறோமே, அது போல. அதை யாரும் தன்னை இழப்பதாக நினைப்பதில்லை.

டெர்ன்ஸ்ட்ரோம் அளந்த இன்னொரு விஷயம் உங்கள் பிரச்சினைக்கு இன்னும் நெருக்கமானது. கொயரில் நிற்பவருக்குத் தன் குரல் எவ்வளவு, சுற்றியிருப்பவர்களின் குரல் எவ்வளவு கேட்டால் வசதியாக இருக்கும் என்று பாடகர்களிடமே சோதித்தார். சராசரியாக, தன் குரல் மற்றவர்களைவிட 6 டெசிபல் அளவுக்கு மேலே கேட்பதையே விரும்பினார்கள். ஆனால் ஆளுக்கு ஆள் அந்த அளவு வெகுவாக வேறுபட்டது. அதாவது உங்கள் காதுக்கு உங்கள் குரல் கேட்கவேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுவது அகம்பாவம் அல்ல. கேட்காவிட்டால் சுருதியை எதை வைத்துத் திருத்துவது? மாஸ்டர் ‘அடக்கு’ என்றதும் உங்களுக்குப் பாடுவது மாதிரியே இல்லை என்றீர்களே, அங்கே நடப்பது இதுதான். உங்கள் காதுக்கு உங்கள் குரல் வருவது நின்றுபோகிறது.

இதற்கு நிற்கும் இடத்தை மாற்றினாலே பாதி தீரும். அமெரிக்காவில் ஜேம்ஸ் டாகர்ட்டி கொயர் நிற்கும் முறையை ஆராய்ந்தபோது, தோளோடு தோள் ஒட்டி நிற்பதைவிட இடைவெளி விட்டு நிற்பதையே பாடகர்கள் விரும்பினார்கள். நம் ஊர்ச் சர்ச்சுகளில் கொயருக்கென்று இரண்டு பெஞ்சு ஒதுக்கி அதில் இருபது பேரை அடைக்கிறோம். பிறகு குரல் கலக்கவில்லை என்று பாடகர்களைக் கோபிக்கிறோம்.

இனி உங்கள் கர்நாடகப் பயிற்சி. எட்டிநின்று ஊகிக்கிறேன், தவறானால் மன்னியுங்கள். தனியாகத் தெரிவது உங்கள் சத்தமாக இருக்காது. ஸ்வரத்துக்குக் கீழிருந்து ஏறி வந்து நிற்பது, ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போவது, நீளமாக நிற்கும்போது தன்னையறியாமல் ஓர் அசைவு, இந்த மூன்றில் ஒன்றாகவோ மூன்றுமாகவோ இருக்கும். நாலு குரல் வரிசைகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு ஸ்வரங்களைப் பாடும் நாலு பார்ட் ஹார்மனியில் பக்கத்துக் குரல்கள் அசையாமல் நிற்கும்போது ஒரு குரல் மட்டும் அசைந்தால், அது எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் காது அங்கேதான் ஓடும். அசையும் இலையைக் கண் பார்ப்பது போல. அதனால் குரலைச் சிறிதாக்கினாலும் பயனில்லை. சின்னதாக அசையும், அவ்வளவுதான்.

ஆனால் அதே பயிற்சி உங்களுக்குத் தந்திருக்கும் ஒன்று உங்கள் வரிசையில் வேறு யாருக்கும் இல்லாமல் இருக்கலாம். நன்றாகச் சுருதி சேர்ந்த தம்பூராவில் யாரும் மீட்டாத காந்தாரம் ஒன்று தானாகக் கேட்குமே, ஸ்வயம்பு காந்தாரம் என்போமே, அது பியானோவின் காந்தாரத்தைவிட ஏறக்குறைய 14 செண்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு செண்ட்) கீழே இருக்கிறது. பக்கவாத்தியம் இல்லாமல் கொயர் பாடும்போது மேஜர் கார்டு (ச, க, ப மூன்றும் சேர்ந்து ஒலிப்பது) பளிச்சென்று பூட்டிக்கொள்வது அந்தக் காந்தாரத்தில்தான், பியானோவினுடையதில் அல்ல. அந்தக் காந்தாரம் பல இடங்களில் ஆல்ட்டோவின் கையில் இருக்கும். பன்னிரண்டு வருஷம் தம்பூராவோடு உட்கார்ந்த காது அதை உடனே பிடிக்கும். கீபோர்டை வைத்து மட்டும் பார்ட் கற்றவர்கள் அதை வருஷக்கணக்கில் தேடுவார்கள். உங்களைக் கரைத்துவிட வேண்டும் என்று நினைப்பதற்குப் பதில் ஆல்ட்டோ வரிசை உங்கள் காதைச் சுற்றி நின்றால் அந்தக் கொயர் தேறும்.

கேள்வியின் இரண்டாவது பாதிக்கு வருகிறேன். தனிக்குரலையும் கூட்டுக்குரலையும் கடந்த அறுபது வருஷக் கொயர் இசை எப்படிப் பார்த்தது? எல்லோரும் ஒரே நிறமாகக் கலக்கவேண்டும் என்பது ஒரு பாணி, அது ஒரு காலத்தின் ருசி. அந்த ருசி அழகானதுதான். ஆனால் அதையே ஒழுக்கமாக்கி, கலக்காதவரைச் சுயநலக்காரர் போலப் பார்ப்பது எனக்கு ஆகாது. இக்கால இசையமைப்பாளர்கள் பலர் அந்த ருசியிலிருந்து விலகி, ஒருவர் எப்படிப் பலரோடு இருக்கிறார் என்பதையே பாட்டின் விஷயமாக்கியிருக்கிறார்கள்.

நான் அடிக்கடி திரும்பிப் போவது இங்கிலாந்துக்காரர் கார்னீலியஸ் கார்ட்யூவிடம். அவர் 1968 முதல் 1971 வரை எழுதிய ‘தி கிரேட் லர்னிங்’ கன்ஃபூசியஸின் வாசகத்தை எடுத்துக்கொண்ட பெரிய படைப்பு, ஏழு பத்திகள் கொண்டது. ஏழாவது பத்தியை எத்தனை பேர் வேண்டுமானாலும் பாடலாம், சங்கீதம் கற்றிருக்க வேண்டியதில்லை. நோட்டேஷன் கிடையாது. வரிவரியாகச் சொற்களும், ஒவ்வொரு வரியையும் எத்தனை முறை பாடவேண்டும் என்ற எண்ணும்தான். முதல் வரி ‘இஃப்’ என்ற ஒரே சொல். அதை எட்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மூச்சின் நீளத்துக்கு, உங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒரு ஸ்வரத்தில் பாடவேண்டும். அடுத்த வரிக்குப் போகும்போது புது ஸ்வரம் எடுக்கவேண்டும், ஆனால் அதை உங்கள் இஷ்டத்துக்கு எடுக்கமுடியாது. அந்தக் கணத்தில் வேறொருவர் பாடிக்கொண்டிருக்கும் ஸ்வரமாக அது இருக்கவேண்டும். புதிதாக எதுவும் காதில் விழவில்லை என்றால் மட்டும் சொந்தமாகத் தேர்ந்துகொள்ளலாம். ஆரம்பம் எல்லோருக்கும் ஒன்றாக, பிறகு அவரவர் மூச்சு, அவரவர் வேகம்.

விதிகளை மட்டும் படித்தால் சந்தைக்கடை இரைச்சல் வரும் என்றுதான் தோன்றும். முதல் அரை நிமிஷம் அப்படித்தான் இருக்கும். பிறகு அந்த இரைச்சல் தானாகவே சில ஸ்வரங்களில் தேங்க ஆரம்பிக்கும். இசைக்கலைஞர் பிரையன் ஈனோ 1976இல் எழுதிய கட்டுரையில் இது ஏன் நடக்கிறது என்று அலசியிருக்கிறார். அதில் என் மனதில் தைத்த இடம் ஒன்று உண்டு. கேட்ட ஸ்வரத்தைச் சரியாகத் திருப்பிப் பாட வராதவர்கள்தான் அந்தப் படைப்புக்குப் புது ஸ்வரங்களைக் கொண்டுவருகிறார்கள் என்கிறார். எல்லோரும் துல்லியமாகக் கேட்டுத் துல்லியமாகப் பாடினால் ஸ்வரங்கள் குறைந்துகொண்டே போய் விரைவில் வறண்டுவிடும். அந்த அறையின் சொந்த அதிர்வும் சில ஸ்வரங்களைத் தூக்கிக்கொடுக்கிறது, பாடுவோரின் ருசியும் சேர்ந்துகொள்கிறது.

இதை நாங்கள் ஒருமுறை ஒரு பள்ளிக்கூட ஹாலில் பாடிப் பார்த்தோம். இருபத்தாறு பேர். அதில் ஒருவர் எங்கள் சோப்ரானோ (பெண்களின் மேல்குரல்) ஒருவரை அழைத்துப்போக ஸ்கூட்டரில் வந்த கணவர். வாசலில் காத்திருந்தவரை உள்ளே கூப்பிட்டோம். ‘எனக்குப் பாட வராதுங்க, ஸ்கூல்லயே உட்காரச் சொல்லிட்டாங்க’ என்றார். பாடினார். நாலாவதோ ஐந்தாவதோ வரியில் அவர் பக்கத்திலிருந்த டெனரின் (ஆண்களின் மேல்குரல்) ஸ்வரத்தை எடுக்கப் போய்க் கொஞ்சம் கீழே விழுந்தார், ஒரு ஸ்வரமும் இல்லாத ஒரு நடு இடத்தில். அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார், ஏனென்றால் அந்த வரியை ஒரே ஸ்வரத்தில் முடிக்கவேண்டும் என்பது விதி. அவருக்குப் பின்னால் நின்ற பெண் புது ஸ்வரம் தேடியபோது காதில் விழுந்தது அதுதான். அவர் எடுத்தார். அவரிடமிருந்து மூலையிலிருந்த இரண்டு பேர் எடுத்தார்கள். ஐந்து நிமிஷத்தில் ஹால் முழுக்க அந்த ஸ்வரம் நின்றது. அது யாருடையது என்று அந்தக் கணவருக்குத் தெரிந்திருக்குமா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார்.

கார்ட்யூவின் இந்தப் பத்தியில் கலப்பது என்பதே கிடையாது. யாரும் யாருக்காகவும் குரலைச் சுருக்குவதில்லை. இருந்தும் நான் பாடியவற்றில் இதைவிடச் சேர்ந்திருந்த ஒன்றைச் சொல்லமுடியவில்லை, காரணம் ஒவ்வோர் அடியிலும் அடுத்தவர் காதுக்குள் வந்தே ஆகவேண்டும் என்று விதி கட்டாயப்படுத்துகிறது. ஒருவரையொருவர் பிணைப்பது காதுதான், குரல் இல்லை. உங்கள் கேள்விக்கு நான் தரும் பதில் இந்த ஒரு வரியில் அடங்கும், மற்றதெல்லாம் அதற்கான உதாரணங்கள்.

நார்வேயின் க்னூட் நிஸ்டெட் 1988இல் எழுதிய ‘இம்மார்ட்டல் பாக்’ வேறு வழியில் போகிறது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ‘கோம், சுய்ஸர் டோட்’ என்ற பழைய பக்திப்பாட்டின் முதல் சில வரிகளைக் கொயர் முதலில் உள்ளது உள்ளபடி நாலு பார்ட்டில் பாடும். இரண்டாம் தடவை கொயர் பல குழுக்களாகப் பிரியும். அதே ஸ்வரங்கள்தான், ஆனால் ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு ஸ்வரத்தையும் வெவ்வேறு நொடிக் கணக்கில் நீட்டும். ஒரு குழு முன்னால் போய்விடும், இன்னொன்று இன்னும் இரண்டாம் ஸ்வரத்திலேயே நிற்கும். பாக்கின் சுத்தமான ஹார்மனி உருகி வழிந்து ஒன்றோடொன்று உரசும். வரியின் கடைசிக் கார்டுக்கு முதலில் வந்துசேர்ந்தவர்கள் அங்கேயே பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். ஒவ்வொரு குழுவாக வந்து சேரச்சேர உரசல் ஒவ்வொன்றாகக் கழன்று, கடைசிக் குழு வந்ததும் கார்டு தெளியும். புதிதாக ஒரு ஸ்வரம்கூட எழுதாமல் இதைச் செய்திருக்கிறார். பாடும்போது எனக்குக் கஷ்டமாக இருந்தது மெதுவாகப் போவது அல்ல, முன்னால் போய்ச் சேர்ந்தபிறகு காத்திருப்பது. பக்கத்தில் ஒருவர் இன்னும் இரண்டு ஸ்வரம் பின்னால் முழங்கிக்கொண்டிருக்கும்போது நம் ஸ்வரத்தை அவசரப்படாமல், அவரை இழுக்காமல், சரியாமல் பிடித்துநிற்க வேண்டும்.

கர்நாடகத்தில் வந்த உங்களுக்கு இது முற்றிலும் அந்நியமாக இருக்காது. திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையன்று பஞ்சரத்தினம் பாடும் கோஷ்டியின் நடுவில் உட்கார்ந்திருந்தால் தெரியும். ஒரே கீர்த்தனை, ஒரே தாளம், ஆனால் ஒவ்வொருவரும் தம் பாடாந்தரத்தின் (குரு வழியில் வந்த பாடமுறையின்) சங்கதியை, தம் கமகத்தை (ஸ்வரத்தை அசைக்கும் விதத்தை) விட்டுக்கொடுப்பதில்லை. அங்கே பார்ட் பிரிப்பது இல்லை, எல்லோருக்கும் ஒரே மெட்டு. அந்த மெட்டின் ஓரங்கள் மட்டும் ஆயிரம் விதமாகச் சிலிர்த்துக்கொண்டிருக்கும். பக்கத்திலிருப்பவரின் சங்கதி உங்களுடையதிலிருந்து விலகும் இடத்தில் நீங்கள் தடுமாறாமல் போகக் கற்றிருக்கிறீர்கள். நிஸ்டெட் கேட்கும் திறமை அதுவேதான்.

தனிக்குரலுக்கு இடம் உண்டா என்று நேரடியாகக் கேட்டதற்கு அமெரிக்காவின் கேரொலைன் ஷாவைக் காட்டுவேன். அவரும் உங்களைப் போல ஆல்ட்டோ. 2009இல் பிராட் வெல்ஸ் தொடங்கிய ‘ரூம்ஃபுல் ஆஃப் டீத்’ என்ற எட்டுப் பேர் குழுவில் பாடிக்கொண்டே, அந்த எட்டுப் பேருக்காக ‘பார்ட்டிட்டா ஃபார் எய்ட் வாய்ஸஸ்’ எழுதினார். அதற்கு 2013இல் புலிட்சர் பரிசு கிடைத்தபோது அவருக்கு 30 வயது. இசைக்கான அந்தப் பரிசை அவ்வளவு இளம் வயதில் அதற்கு முன் யாரும் பெற்றதில்லை. முதல் பகுதி பேச்சில் ஆரம்பிக்கிறது. நடன அசைவுக்கான கட்டளை மாதிரியான சொற்களை ஆளுக்கு ஆள் அடுக்கிக்கொண்டே போக, பேச்சு நெரிசலாகி, சட்டென்று அத்தனை குரலும் ஓர் அடர்ந்த கார்டில் திறக்கும். கடைசிப் பகுதியில் ஒரே கார்டு வரிசை திரும்பத் திரும்ப வருகிறது. ஸ்வரம் மாறாது, குரலின் நிறம் மாறும். மூடிய உருண்டைக் குரலில் ஒருமுறை, தெருவில் கூப்பிடுவது போன்ற திறந்த குரலில் ஒருமுறை. பெருமூச்சு, முனகல், தொண்டைக் கரகரப்பு என்று பாட்டு வகுப்பில் தட்டிவைக்கும் ஒலிகளெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. எட்டுப் பேரும் எட்டு நிறம். ஆனாலும் கார்டுகள் கத்தி முனை போலத் துல்லியமாகச் சேர்கின்றன.

அந்தப் படைப்பைப் பற்றிய ஒரு மனக்குறையையும் சொல்லாமல் விடக்கூடாது. அக்குழுவினர் பல நாட்டுப் பாடல் முறைகளை அந்தந்த மரபின் பாடகர்களை வரவழைத்துக் கற்றார்கள். அவற்றில் ஒன்று கனடாவின் வடக்கே இனுயிட் பெண்களின் கட்டாஜாக். இரண்டு பெண்கள் முகத்துக்கு முகம் நின்று, மூச்சை உள்ளே இழுத்தும் வெளியே விட்டும் ஒருவர் விட்ட இடைவெளியில் மற்றவர் ஒலியைச் செருகிக்கொண்டே போவார்கள். முதலில் சிரித்துவிட்டவரோ மூச்சு வாங்கியவரோ தோற்றார். அதன் சாயல் பார்ட்டிட்டாவின் ஒரு பகுதியில் இருக்கிறது. இனுயிட் பாடகி டான்யா டகாக் 2019இல் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். எனக்கு அவர் கோபம் நியாயமாகவே படுகிறது. எட்டுக் குரல்களும் ஒன்றையொன்று மதித்துப் பாடுவது ஒரு பக்கம், அந்தக் குரல்கள் யாரிடமிருந்து வந்தன என்பது இன்னொரு பக்கம். ‘சேர்ந்து’ என்று சொல்லும்போது யார் யாரைச் சேர்த்துக்கொள்கிறோம் என்ற கேள்வி கொயருக்குள்ளும் வரும். உங்கள் கமகத்தை ஒரு மாஸ்டர் ‘இந்தப் பாட்டுக்கு கொஞ்சம் இந்தியன் கலர் வேணும்’ என்று நாலு பார் (தாளக் கட்டு) நீளத்துக்கு மட்டும் கேட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜேனட் கார்டிஃப் என்ற கனடாக் கலைஞர் 2001இல் வேறொன்று செய்தார். 16ஆம் நூற்றாண்டில் தாமஸ் டாலிஸ் 40 பார்ட்டுகளுக்கு எழுதிய ‘ஸ்பெம் இன் அலியம்’ என்ற பாட்டை சால்ஸ்பரி பேராலயக் கொயரைப் பாடவைத்து, ஒவ்வொரு பார்ட்டையும் தனி மைக்கில் பதிந்து, 40 ஸ்பீக்கர்களை ஆள் உயரத்தில் நீள்வட்டமாக நிறுத்தினார். நடுவில் நின்றால் மழை போலப் பாட்டு. ஒரு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய்க் காதை வைத்தால் ஒரே ஒரு மனிதக் குரல், அதன் மூச்சோடு. பாட்டு முடிந்து அடுத்த சுற்றுக்கு முன் இடைவேளையில் பாடகர்கள் தொண்டையைச் செருமுவதும் அரட்டையடிப்பதும்கூட அப்படியே கேட்கும்.

இதற்கு நேர் எதிர்த்திசையில் போனது அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கரின் இணையக் கொயர். 2010இல் 12 நாடுகளிலிருந்து 185 பேர் அவரவர் வீட்டில் தனியாகப் பாடிப் பதிந்து அனுப்பிய வீடியோக்களை இணைத்து ‘லக்ஸ் ஆரும்குவே’ வெளியானது. 2020இல் ‘சிங் ஜென்ட்லி’ வந்தபோது 129 நாடுகளிலிருந்து 17,572 பேர். கார்டிஃப் ஒன்றாகப் பாடியதைப் பிரித்துக் காட்டினார், விட்டேக்கர் தனியாகப் பாடியதை ஒன்றாக்கினார். ஊரடங்கில் வீட்டுக்குள் கிடந்த எத்தனையோ பேருக்கு அந்த வீடியோ ஆறுதலாக இருந்தது. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அதைக் கொயர் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அந்த 17,572 பேரில் ஒருவர்கூட மற்றொருவரைக் கேட்டுத் தம் ஸ்வரத்தை ஒரு மயிரிழை நகர்த்தவில்லை. நகர்த்தவும் முடியாது. காற்றில் ஒலி பத்து மீட்டர் போக ஏறக்குறைய 30 மில்லிநொடி ஆகிறது, அந்த அளவு தாமதத்திலேயே தாளம் இழுக்க ஆரம்பிக்கும். இணையத்தில் சாதாரணமாக அதைவிடப் பல மடங்கு தாமதம்.

ஊரடங்குக்குச் சற்று முன் 2020 மார்ச் 10ஆம் தேதி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பள்ளத்தாக்கில் ஒரு கொயர் ஒத்திகைக்கு 61 பேர் வந்தார்கள். இரண்டரை மணி நேரம். அவர்களில் 50க்கும் மேற்பட்டோர் கொரோனா நோயில் விழுந்தார்கள், இருவர் இறந்துபோனார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சேர்ந்து பாடுவது என்று நாம் எவ்வளவோ அழகாகப் பேசுகிறோம், அதன் அடியில் இருப்பது ஒருவர் விட்ட காற்றை மற்றவர் இழுப்பது. ஒன்றரை வருஷம் கழித்து எங்கள் குழு மறுபடி கூடியபோது முதல் கார்டைப் பிடித்துவிட்டு யாருக்கும் அடுத்த கார்டுக்குப் போகத் தெரியவில்லை. அப்படியே நின்றோம்.

மூச்சு என்றதும் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. நீளமான ஸ்வரத்தை ஒரு கொயர் ஒரு நிமிஷம்கூட அறாமல் பிடிக்கும், தனியொருவரால் அது ஆகாது. பக்கத்திலிருப்பவர் மூச்செடுக்கும்போது நாம் எடுக்கக்கூடாது, சொல்லின் முடிவில் எடுக்கக்கூடாது, சத்தமில்லாமல் நழுவி, சத்தமில்லாமல் உள்ளே வரவேண்டும். கேட்பவருக்கு ஒரே இழை. உள்ளே எல்லோரும் மாறிமாறி ஒருவர் இடத்தை மற்றவர் காத்துக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம். நான் நிறுத்தியதை யாரும் கவனிக்கவில்லை என்பது எனக்குச் சிறுமையாக ஒருநாளும் தோன்றியதில்லை. நிறுத்த முடிகிறதே என்றுதான் தோன்றியது.

நம் ஊரில் இந்தக் கேள்வியைத் தமிழில் முதலில் தீவிரமாக எடுத்துக்கொண்டவர் எம்.பி. சீனிவாசன். மலையாளத் திரையிசையில் பெரிய பெயர், இடதுசாரி இயக்கத்தில் வளர்ந்தவர், 1988இல் காலமானார். மெட்ராஸ் யூத் கொயரை உருவாக்கி, சங்கீத வகுப்பே பார்க்காத இளைஞர்களைக்கூட நிறுத்தி, பாரதி பாட்டைப் பல குரல்களாகப் பிரித்துப் பாடவைத்தார். சேர்ந்திசை என்ற சொல் நம் காதில் நிலைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. கோஷ்டியில் எல்லோருக்கும் ஒரே வரி, சர்ச் கொயரில் இறக்குமதியான நாலு வரி. அவர் தமிழ்ச் சொல்லின் குறில் நெடில் நசுங்காமல், ராகம் அடையாளம் இழக்காமல் குரல்களைப் பிரிக்கப் பார்த்தார். ‘உன் வரி வேறு, என் வரி வேறு, பாட்டு ஒன்று’ என்பதை மேடையில் நின்று உடம்பால் உணர்ந்த ஒரு தலைமுறை அதில் இருந்தது. அந்த வேலை பாதியில் நிற்கிறது என்பது என் வருத்தம். கமகத்தைத் துடைத்தெறியாமலே தமிழில் பார்ட் எழுதக் கூடியவர்கள் இன்னும் நிறையப் பேர் வரவேண்டும். உங்களைப் போல இரண்டையும் அறிந்தவர்கள்தான் அதை எழுதமுடியும்.

இப்போதைக்கு அடுத்த ஒத்திகைக்கு. வீட்டில் பத்து நிமிஷம் தம்பூரா போட்டு, அதில் தானாக எழும் காந்தாரத்தைக் காதில் பிடித்து, ‘ஆ’ என்று நேராக, கீழிருந்து ஏறாமல், அந்த ஸ்வரத்தின் மேலேயே இறங்கி நில்லுங்கள். முழுக் குரலில். மூச்சு முடியும்வரை அசைய வேண்டாம். அசைவு எங்கே எட்டிப்பார்க்கிறது என்று உங்களுக்கே தெரியும், பெரும்பாலும் கடைசி இரண்டு நொடியில் வரும். ‘ஆ’ சரியானதும் ‘ஈ’, ‘ஏ’. நம் வாயில் ‘ஈ’ மிகவும் குறுகிக் கூர்மையாகும், அது ஒன்றே முப்பது பேரைத் துளைத்துக்கொண்டு போகும். ‘ஈ’யைப் பாடும்போது வாய்க்குள் ‘ஊ’வுக்கான இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு மாஸ்டரிடம் போய், ‘தனியாத் தெரியுதுன்னு சொன்னீங்களே சார், எந்த வரியில, எந்த எழுத்துல?’ என்று கேளுங்கள். சத்தமா, அசைவா, எழுத்தா, முந்திக்கொண்டு வருகிறீர்களா என்று அவர் காது கொடுத்துக் கேட்டுச் சொல்லட்டும். முடிந்தால் வரிசையின் ஓரத்தில் நிற்க இடம் கேளுங்கள், டெனருக்குப் பக்கமாக, ஒரு கையகலம் தள்ளி. அங்கிருந்து உங்கள் குரலும் உங்களுக்குக் கேட்கும், பாஸும் கேட்கும்.